கேட்டு சத்தம் கேட்டு

குயில் பாட்டு இனிமைன்னு சொல்றவங்க யாரும் அது கத்துற மரத்துக்கு கீழ படுத்து தூங்கியிருக்க மாட்டாங்க. எங்க வீட்டு பின் சந்துல ஒரு மாமரம், அதுல உக்காந்துகிட்டு விடியக்காலைல அஞ்சு மணிக்கெல்லாம் கூஊ கூஊன்னு ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் சுதிய ஏத்திக்கிட்டே போயி, யாரோ கழுத்த புடிச்ச மாதிரி டக்குன்னு நிறுத்தி, திரும்ப மொதல்லேருந்து. எங்க மலேசியாவுல, பினாங்குல அஞ்சு மணின்னா நடுராத்திரி கணக்குதான், சூரியன் ஏழு மணிக்கு மேலதான் வரும், 1982 ஜனவரி ஒன்னாந்தேதி நேரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சதுலேருந்து இந்த கதைதான். ஆபீஸ் போறவனும் ஸ்கூல் போற புள்ளைங்களும் இருட்டுலயே எழுந்திருக்கணும், கூட இந்த குயிலும்.

நாங்க இருக்கிறது கெலுகோர் பக்கம், யூஎஸ்எம் யூனிவர்சிட்டி பின்னாடி மலை ஓரமா உள்ள ஒரு பழைய தாமான், வீட்டுக் குடியிருப்பு. ஒரு மாடி லிங்க் வீடுங்க, ஒன்னோட ஒன்னு ஒட்டி வரிசையா, முன்னாடி காடி, அதான் கார், ஒன்னு நிறுத்துற அளவுக்கு எடம், ரெண்டு பூந்தொட்டி, ஒரு சாமி மாடம். எங்க வீட்டுல துளசி, பக்கத்து வீட்டுல செவப்பு கலர்ல தீ கோங்ங்கிற சீன சாமிக்கு மாடம், மூனாவது வீட்டுல பூனைங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு ரோட்டுல நின்னு பாத்தா ஒரு ஆள் இருக்க மாட்டாங்க. வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "என்னா அமைதியா இருக்கு, குடுத்து வச்சவங்க"ம்பாங்க. அம்மா சிரிச்சு வைப்பாங்க, பதில் சொல்ல மாட்டாங்க.

ஏன்னா அம்மா டவுன்காரங்க, ஜார்ஜ்டவுன். லெபோ குயீன் தெருவுல ஒரு கடைவீட்டு மேல்மாடியில பொறந்து வளந்து, கல்யாணம் பண்ணியும் அதே வீட்டுலதான். நாலு கடை தள்ளி மாரியம்மன் கோயில், 1833ல கட்டினது, காலைல மணி அடிச்சா எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி ஆடும். கோயில் மணிக்கு முன்னாடியே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிடுவாங்க, அப்புறம் கீழ மசாலா கடை தகரக் கதவு, சாமான் எறக்குற லோரி, பத்து மணிக்கு மேல கேசட் கடைக்காரன் ஸ்பீக்கர வெளிய எடுத்து வச்சான்னா ராத்திரி வரைக்கும் ஓயாது. அந்த சத்தத்துல படிச்சுதான் நான் எஸ்பிஎம் பரீட்சை எழுதினேன்.

அந்த வீட்டுக்கு வாடகை எண்பது வெள்ளி, அதான் ரிங்கிட். வாடகைக் கட்டுப்பாட்டு சட்டம் இருந்துச்சு, 1948க்கு முன்னாடி கட்டின கட்டடத்துக்கெல்லாம் வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. 1997ல அந்த சட்டத்த எடுத்தாங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல டைம் குடுத்து, 2000 ஜனவரி ஒன்னாந்தேதிலேருந்து கேக்குற வாடகைய குடு இல்லன்னா வெளிய போ. எங்க தெருவுல எத்தன குடும்பம் அந்த ஒரு வருஷத்துல கெளம்புச்சுன்னு எண்ண ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன். 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல ஜார்ஜ்டவுன் பேரு வந்தப்ப எல்லாரும் பாராட்டினாங்க, நல்ல விஷயம்தான், நான் இல்லங்கல. ஆனா பாரம்பரியம்னு போட்டோ புடிக்க வர்றப்ப அங்க குடியிருந்தவங்க பாதி பேரு ஆயர் ஈத்தாமுக்கும் பாயா தெருபோங்குக்கும் ஃப்ளாட்டு தேடி போயாச்சு. நாங்களும் ஆறு வருஷம் ஃப்ளாட்டுல இருந்துட்டு, அண்ணன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில வேலைக்கு சேந்த பெறகுதான் இந்த வீடு.

வந்த புதுசுல அம்மாவுக்கு தூக்கமே வரல. ராத்திரி பதினோரு மணிக்கு ஹால்ல ஒக்காந்துகிட்டு "என்னமோ மாதிரி இருக்குடி, காதுக்குள்ள கொய்ன்னு கேக்குது"ன்னாங்க. அப்பா ரேடியோவ சின்னதா வச்சு விட்டாரு, மின்னல் எஃப்எம் ஓடினாதான் கண்ணசரும். அப்பா போயி பல வருஷம் ஆச்சு, ரேடியோ இன்னும் அம்மா தலைமாட்டுலதான் இருக்கு.

எனக்கு இந்த எடம் புடிக்கும், ஒத்துக்குறேன். ஆனா காடி இல்லாதவங்களுக்கு இது ஒரு தீவுக்குள்ள இன்னொரு தீவு. பெரிய ரோட்டுக்கு போயி பஸ் ஏறணும்னா எறக்கத்துல பதினஞ்சு நிமிஷம் நடை, திரும்பி வர்றப்ப ஏத்தம், கைல ரெண்டு பை. டவுன்ல அம்மா செருப்ப மாட்டிகிட்டு எறங்கினா அஞ்சு நிமிஷத்துல பூவும் வெத்தலையும் ஊர் கதையும் வாங்கிட்டு வந்துடுவாங்க, இங்க ஒரு மொழம் பூவுக்கு நான் லீவு போடணும். கருவேப்பிலை மட்டும் பஞ்சமில்ல, பின் சந்துல யாரோ எப்பவோ நட்ட மரம், யாரு வேணா ஒடிச்சுக்கலாம், அந்த மரத்தடியிலதான் நான் பாதி அக்கம்பக்கத்து ஆளுங்கள மொதமொதல்ல பாத்ததே.

மொகம் தெரியாதே தவிர சத்தம் எல்லாருதும் தெரியும். அமைதியான எடத்துல இது ஒரு கூத்து. ரப்பர் ஹாரன் அமுக்கிகிட்டு மோட்டார்ல வர்ற ரொட்டிக்காரர், ஸ்பீக்கர் கட்டின லோரியில "சூராட் காபார் லாமா"ன்னு இழுக்குற பழைய பேப்பர்காரர், மூலை வீட்டுல வாடகைக்கு இருக்குற யூனிவர்சிட்டி பசங்க பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு போடுற கூச்சல், மூனாவது வீட்டு காடி ரிவர்ஸ் எடுக்குற பீப் பீப். யாரு வீட்டுல யாரு எத்தன மணிக்கு வர்றாங்கன்னு எட்டிப் பாக்காமலே அம்மா சொல்லிடுவாங்க.

வருஷத்துல ஒரு ராத்திரி மட்டும் எல்லா கணக்கும் தப்பும். சீனப் பெருநாள் எட்டாம் நாள் ராத்திரி பன்னெண்டு மணி, ஹொக்கியன் பேசுற சீனங்க தீ கோங் சாமிக்கு படைக்கிற நேரம். அவங்க முன்னோருங்க எதிரிங்ககிட்டேருந்து தப்பிக்க கரும்புக் காட்டுல ஒளிஞ்சு பொழச்சாங்களாம், அதனால வாசல்ல மேஜை போட்டு ரெண்டு பக்கமும் முழு கரும்ப இலையோட கட்டுவாங்க. மொத வருஷம் அம்மா வாசல்ல நின்னு பாத்துட்டு "அடி, பொங்கல் முடிஞ்சு ஒரு மாசம் ஆகல, இவங்களும் கரும்பு கட்றாங்க பாரு"ன்னு ஒரே சந்தோஷம். பட்டாசு ஒரு மணி வரைக்கும் வெடிச்சுது, தெருவே பொக மூட்டம். மறுநாள் காலைல பக்கத்து வீட்டு ஆண்ட்டி செவப்பா ஆமை மாதிரி ஒரு பலகாரம் கொண்டாந்து குடுத்தாங்க, அங் கூன்னு பேராம், உள்ள பச்சப்பயறு பூரணம். அம்மா கடிச்சு பாத்து "நம்ம கொழுக்கட்டைதான், வேற சட்டை போட்டுருக்கு"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரிதான் அம்மா ரேடியோ இல்லாம தூங்கினாங்கன்னு எனக்கு ஞாபகம்.

எதிர்வீட்டுல ஒரு சீன அங்கிள், எண்பத கிட்டத்தட்ட தொட்டுட்டாரு, தனியா இருக்காரு, புள்ளைங்க ரெண்டும் சிங்கப்பூர். எங்க ரோட்டுல இப்படி வீடு நாலஞ்சு இருக்கு, அமைதிக்கு பாதி காரணம் அதுதான். காலைல ஆறே முக்காலுக்கு அவரு கேட்டு தெறப்பாரு, துரு புடிச்ச கேட்டு, க்ரீஈஈச்சுன்னு ஒரு சத்தம், பல்லு கூசும். நான் எத்தனையோ தடவ திட்டியிருக்கேன்.

போன வருஷம் ஒரு நாள் ஏழேகால் ஆயிடுச்சு, அம்மா கோப்பிய கைல வச்சுகிட்டு குடிக்காம நிக்கிறாங்க. "கேட்டு சத்தம் கேக்கல." நான் தூங்கியிருப்பாருன்னேன். "இல்லடி, ஒரு நாளும் இப்படி ஆனதில்ல, போயி பாரு." நைட்டி மேல துண்ட போத்திகிட்டு ஓடுறேன், பின்னாடியே அம்மா முட்டி வலியோட வர்றாங்க, டவுன்ல கத்துக்கிட்ட ஹொக்கியன்ல சத்தம் போட்டு கூப்புடுறாங்க. கேட்டுல கைய வச்சு தள்ளினேன். வெண்ணெய் மாதிரி தெறந்துச்சு, ஒரு சத்தமும் இல்ல.

அங்கிள் உள்ளேருந்து ரொட்டிய மென்னுகிட்டே வர்றாரு. முந்தின நாள் சாயங்காலம் கேட்டுக்கு எண்ணெய் போட்டாராம். உங்களுக்கெல்லாம் தொந்தரவா இருக்கும்னுதான்னு பெருமையா வேற சொல்றாரு.

அம்மா அவர புடிச்சு வாங்கினாங்க பாருங்க ஒரு வாங்கு, பாதி ஹொக்கியன் பாதி மலாய், நடுவுல தமிழ்ல ரெண்டு வார்த்த. இனிமே எண்ணெய் போட்டா நான் வந்து தண்ணி ஊத்துவேன்னு முடிச்சாங்க. அங்கிள் மொதல்ல முழிச்சாரு, அப்புறம் வெளங்கிடுச்சு, ஒன்னும் சொல்லாம உள்ள போயி நாலு ஆரஞ்சு எடுத்துகிட்டு வந்து குடுத்தாரு.

அப்புறம் ஒரு மாசம் அம்மாவுக்கு நிம்மதியில்ல, தெனம் ஜன்னலோரம் நின்னு கண்ணால பாத்தாதான் ஆச்சு. நவம்பர் மழை வந்துச்சு, ரெண்டு வாரம் விடாம ஊத்துச்சு. ஒரு நாள் குயில் கத்தி ஓஞ்சு, நான் இன்னும் போர்வைக்குள்ள இருக்கேன், எதிர்ல க்ரீச்சுன்னுச்சு, முன்ன மாதிரி முழுசா இல்ல, ஆரம்பம்தான்.

அடுப்படியிலேருந்து அம்மா, "ம்ம், எழுந்துட்டாரு."