எது மேல், எது கீழ்? அடுக்கு எல்.இ.டி.க்குப் பேட்டன்ட் வாங்கிய கதை

பேட்டன்ட் கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 'மேல்' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் இன்னும் வயிற்றெரிச்சல் வருகிறது. எங்கள் முதல் கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியத்தில், அந்தச் சொல்லை இரண்டு இடத்தில் போட்டிருந்தோம். அதற்குக் கொடுத்த விலை இரண்டு சுற்றுப் பதில், கெடு நீட்டிப்புக்குத் தனிக் கட்டணம், கண்டுபிடிப்பில் பாதி. இதே துறையில் விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் சிப் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நிறம் கொண்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிக்சலுக்கு மூன்று பங்கு இடம் போகும் என்பதால் அடுக்குகிறோம். அடியில் சிவப்பு, நடுவில் பச்சை, உச்சியில் நீலம், வெளிச்சம் உச்சி வழியாக வெளியே. இந்த வரிசைக்குக் காரணம் தெரிந்ததுதான். 625 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஆற்றல் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். நீல அடுக்கின் பட்டை இடைவெளி, அதாவது ஓர் ஒளியை அது விழுங்க அந்த ஒளிக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 2.7. அதனால் சிவப்பு ஒளி மேலே இருக்கும் இரண்டையும் கண்ணாடி மாதிரி கடந்து போய்விடும். தலைகீழாக அடுக்கினால் சிவப்பு அடுக்கு மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டு, தானும் சிவப்பாக ஒளிரும்.

முதல் விண்ணப்பம், 12 மாதத்துக்குள் பன்னாட்டு விண்ணப்பம், 30-ஆவது மாதக் கெடுவுக்குள் தேசியக் கட்டம், அதாவது அந்தந்த நாட்டு அலுவலகத்தில் நுழைவது. கட்டணம் கட்டினோம், ரசீது வந்தது. சொல்ல வேறொன்றும் இல்லை, ஒரு படத்தைத் தவிர.

பல வண்ண எல்.இ.டி. பற்றிய விண்ணப்பத்துக்குப் படங்களைக் கறுப்பு வெள்ளையில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. குறுக்குவெட்டுப் படங்களில் சிக்கல் இல்லை. மூன்று நிறத்துக்கு மூன்று விதமான சாய்கோடு போட்டோம். நிறமாலை வரைபடம் ஒன்றில்தான் மாட்டினோம். பச்சையை மட்டும் எரியவிட்டு அளந்த வரைபடம் அது. நிறக் கசிவைத் தடுக்கும் எங்கள் அமைப்பு (பின்னால் சொல்லப்போகும் 'பாவாடை') இருக்கும் சிப்புக்கு ஒரு கோடு, இல்லாத சிப்புக்கு ஒரு கோடு. கணினியில் சிவப்பும் நீலமுமாக வரைந்திருந்தோம். சாம்பல் நிறத்துக்கு மாற்றியதும் இரண்டும் ஒரே சாம்பல். போதாததற்கு, கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியான விவரக்குறிப்பில் "படம் 9-இல் சிவப்புக் கோடு காட்டுவது போல" என்று எழுதி வைத்திருந்தேன்! எந்தச் சிவப்புக் கோடு?

குறை நீக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எங்கள் பேட்டன்ட் ஏஜென்ட் மேடம், "சார், அந்தப் படம் அழகாகவும் இல்லை, அவசியமும் இல்லை. எடுத்துவிடலாமே" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு வரைபடத்துக்காகப் பத்து நாள் இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றைத் தொடர்கோடாகவும் இன்னொன்றைப் புள்ளிக்கோடாகவும் மாற்றிக் கொடுத்தோம். எந்தச் சிப்பில் 625 நானோமீட்டருக்கு அருகே, அதாவது சிவப்பில், ஒரு மேடு தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று பத்தியில் ஏற்கெனவே வாக்கியமாக எழுதியிருந்ததால், புதிதாக எதையும் நுழைக்கவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த வாக்கியம் இல்லாமலிருந்தால் படம் போயிருக்கும். படம் போயிருந்தால் பேட்டன்டும் போயிருக்கும் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அப்புறம் நீண்ட மௌனம். ஒருநாள் ஆய்வறிக்கை வந்தது.

முன்பே வெளிவந்த ஆவணங்கள் என்று இரண்டைக் காட்டியிருந்தார் எக்ஸாமினர், அதாவது பேட்டன்ட் அலுவலக ஆய்வாளர். முதல் ஆவணத்தைப் படித்ததும் நான் சிரித்தேன். அதில் நீலத்தின் மேல் பச்சை, பச்சையின் மேல் சிவப்பு. எங்களுடையதற்கு நேர் எதிர்! "மேடம், இவர் படத்தைச் சரியாகவே பார்க்கவில்லை" என்று போன் போட்டுச் சொன்னேன். அவர் அரை மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்து, "சார், அந்தச் சிப்பில் வெளிச்சம் எந்தப் பக்கமாக வெளியே வருகிறது?" என்று கேட்டார்.

அடுக்குகளை வளர்க்கும் சஃபயர் தகட்டின் பக்கமாக. அது கவிழ்த்துப் பொருத்தும் சிப். தயாரிக்கும்போது எது உச்சியோ, பொருத்தியபின் அது அடி. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிவப்பு, நடுவில் பச்சை, உச்சியில் நீலம், வெளிச்சம் உச்சி வழியாக. அச்சு அசலாக எங்கள் அடுக்கு.

எக்ஸாமினர் எழுதியிருந்தது இதுதான்: 'மேல்' என்பது புவியீர்ப்பு விசையைப் பொறுத்ததா, வளர்த்த வரிசையைப் பொறுத்ததா, ஒளி போகும் திசையைப் பொறுத்ததா என்று கிளெய்ம் சொல்லவில்லை, ஆகவே தெளிவில்லை, ஒளி போகும் திசையைப் பொறுத்தது என்று எடுத்தால் முதல் ஆவணத்திலேயே அது இருக்கிறது, ஆகவே புதுமையும் இல்லை. படித்ததும் கோபம் வந்தது. அதைவிட, அவர் சொல்வது சரி என்று தெரிந்ததுதான் கடுப்பு. எங்கள் விண்ணப்பத்திலேயே படம் 3-இல் அடுக்கு நிமிர்ந்து நிற்கிறது, படம் 5-இல் கவிழ்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் 'மேல்' என்றே எழுதியிருந்தேன்.

அடுக்குச் சாதனத்துக்கு எழுதுகிறவர்கள் மேல், கீழ் என்ற இரண்டையும் அடியோடு விட்டுவிடுங்கள். ஒளி வெளியேறும் முகம் எது என்று முதலில் வரையறுத்துவிட்டு, 'அந்த முகத்துக்கு அருகில் இருப்பது', 'அந்த முகத்திலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பது' என்று எழுதுங்கள். சிப்பைக் கவிழ்த்தாலும் உருட்டினாலும் அது மாறாது. விவரக்குறிப்பில் ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், 'ஒளி வெளியேறும் முகம்' என்ற தொடரை நான் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் கிளெய்மைத் திருத்த முடிந்தது.

தேடல் விஷயத்திலும் கோட்டை விட்டோம். விண்ணப்பிக்கும் முன் நாங்களே தேடினோம். 'அடுக்கு', 'செங்குத்து', 'மூவண்ண' என்று தலைப்புகளில் தேடியதில் அந்த முதல் ஆவணம் சிக்கவே இல்லை. அதன் தலைப்பு வெறும் 'ஒளி உமிழும் சாதனம்'. இந்தத் துறையில் பாதிப் பேர் தலைப்பு வைப்பது அப்படித்தான், வேண்டுமென்றே. பேட்டன்ட் அலுவலகங்கள் பொருள்வாரியாக இடும் வகைப்பாட்டு எண்ணைக் கொண்டு தேடுங்கள். நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் அடுக்கி வைத்த எல்.இ.டி.களுக்கு எச்01எல் 25/0756 என்றே ஓர் இடம் இருந்தது. இன்னொன்று: எல்.இ.டி.களுக்கு நாம் மனப்பாடமாக வைத்திருந்த எச்01எல் 33 வகை 2025 தொடக்கத்தில் எச்10எச் 20-க்கு மாறிவிட்டது. பழையது, புதியது இரண்டிலும் தேடுங்கள்.

சரி, அடுக்கு வரிசை கையை விட்டுப் போயிற்று. மிச்சமிருந்தது 'பாவாடை'.

அடுக்குகளை ஒளி ஊடுருவும் பசைப் படலம் வைத்து ஒட்டுகிறோம். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு வடிகட்டி. சிவப்பை விடும், பச்சையையும் நீலத்தையும் திருப்பி அனுப்பும். காகிதத்தில் இது போதும். நிஜத்தில், சாய்வாகப் போகும் பச்சை ஒளி பசைப் படலத்தின் விளிம்பு வழியாகச் சுற்றிக்கொண்டு சிவப்பு அடுக்கில் விழுகிறது. அது லேசாக ஒளிர்கிறது. சுத்தப் பச்சை கேட்டால் மஞ்சள் தட்டிய பச்சை வருகிறது. மின் இணைப்புக்காகத் துளையில் இறக்கும் உலோகத்தை அந்த விளிம்பை மூடும்படி நீட்டினோம், இடையே சிலிக்கான் ஆக்சைடு காப்போடு. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அதற்கு வைத்த பெயர் பாவாடை.

இந்த இடத்தில் எக்ஸாமினருக்கு இரண்டு புகார். ஒன்று, அதே பொருளை விவரக்குறிப்பில் மூன்று பெயரில் அழைத்திருந்தோம்: ஓரிடத்தில் பக்க உலோகம், ஓரிடத்தில் நீட்சி, இன்னோரிடத்தில் மறைப்புப் படலம். மூன்றும் ஒன்றா, வேறு வேறா? பள்ளியில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று சொல்லிக் கொடுத்ததன் பலன். பேட்டன்டில் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். இரண்டாவது புகார் பெரிது. இரண்டாவது ஆவணத்தில் இதே மாதிரி உலோகம் பக்கச்சுவரில் இறங்குகிறது. முதல் ஆவணத்தோடு இதைச் சேர்ப்பது இந்தத் துறையில் கைவந்த எவருக்கும் சாதாரணம். ஆகவே கண்டுபிடிப்பு என்று சொல்ல எதுவுமில்லை.

முதல் பதிலில் நான் ஒரு குறுக்குவழியைப் பிடித்தேன். பசைப் படலம் 2 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கிளெய்மில் சேர்த்தால் இரண்டு ஆவணங்களிலிருந்தும் விலகிவிடலாமே? எங்கள் சிப்புகள் எல்லாமே அப்படித்தான். மேடம் கேட்டார்: "இது விவரக்குறிப்பில் எங்கே இருக்கிறது?" தேடினேன். எங்குமில்லை. படத்தில் அளந்து காட்டலாம் என்று அடம்பிடித்து அனுப்பினேன். வந்த பதில் இரண்டே வரி: படங்கள் அளவுக்கு வரையப்பட்டவை என்று எங்கும் சொல்லப்படவில்லை, இது விண்ணப்பத் தேதியில் இல்லாத புதுச் சரக்கு. ஒரு சுற்று வீண். நீட்டிப்புக் கட்டணம் என் அடத்துக்கு நான் கட்டிய அபராதம். உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் தடிமன், ஒளிவிலகல் எண், துளையின் சாய்வு எல்லாவற்றையும் 'இத்தனை முதல் இத்தனை வரை, விரும்பத்தக்கது இவ்வளவு' என்று முதல் நாளே எழுதிவிடுங்கள்.

அதன் பிறகுதான் நேர்காணல் கேட்டோம். வீடியோ அழைப்பு. பேசப்போவதை ஒரு பக்கத்தில் முன்கூட்டியே அனுப்பச் சொன்னார் மேடம். எனக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: "சார், கேட்டால் மட்டும் இயற்பியல் பேசுங்கள். 'இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்' என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்." பழக்கதோஷம், ஐந்தாவது நிமிடத்திலேயே "இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் பலமாக ஓர் இருமல். புரிந்து நிறுத்திக்கொண்டேன்.

எக்ஸாமினர் நான் கற்பனை செய்து வைத்திருந்த ஆள் இல்லை. தன்மையாகப் பேசினார், விஷயம் தெரிந்தவர். அவர் கேட்ட கேள்வி கூர்மையானது: "பச்சை கசிகிறது என்றால் வடிகட்டி தடுக்கும் அலைநீளப் பட்டையை அகலப்படுத்தினால் போதுமே, உலோகம் எதற்கு?" இதற்கு என்னிடம் பதில் இருந்தது. இந்த வகை வடிகட்டியில் ஒளி சாய்வாக விழும்போது தடுக்கும் பட்டை குறைந்த அலைநீளப் பக்கம் நகர்ந்துவிடும். விளிம்பில் நிற்கும் பச்சைதான் முதலில் தப்பும். அதை ஈடுகட்டப் பட்டையை நீண்ட அலைநீளப் பக்கம் அகலப்படுத்தினால், நேராக மேலே வர வேண்டிய சிவப்பையே அது தடுக்க ஆரம்பிக்கும். ஆக, வடிகட்டியை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது.

பிறகு மேடம் படம் 9-ஐத் திரையில் வைத்தார். பச்சை மட்டும் எரிகிறது. புள்ளிக்கோட்டில் 625-க்கு அருகே ஒரு மேடு, தொடர்கோட்டில் சமவெளி. இரண்டாவது ஆவணம் ஒற்றை நிறச் சிப். அங்கே உலோகத்தை இறக்கியது மின்தடையைக் குறைக்க. ஒரே நிறம் இருக்கும் இடத்தில் நிறக் கலப்பு என்ற பிரச்சினையே கிடையாது. முதல் ஆவணமோ வடிகட்டியே போதும் என்று நம்புகிறது. பிரச்சினையே கண்ணில் படாத இருவரிடமிருந்து தீர்வை எப்படிச் சேர்ப்பது? எக்ஸாமினர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்த வரைபடம் முதலில் தாக்கல் செய்ததிலேயே இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றோம். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை.

நிபந்தனை ஒன்று போட்டார்: உலோக நீட்சி பசைப் படலத்தின் விளிம்பை முழுச் சுற்றும் மூட வேண்டும் என்று கிளெய்மிலேயே எழுத வேண்டும். பாதிச் சுற்று மூடினாலே பலன் உண்டு. ஆனால் நாங்கள் அளந்து காட்டியது முழுச் சுற்றைத்தான். ஒப்புக்கொண்டோம். போட்டியாளர் ஒருவர் முக்கால் சுற்று மூடிவிட்டுப் போனால் நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வருத்தம் இருக்கிறது.

கடைசி நேரத்தில் இன்னொரு கண்டம். தயாரிப்பு முறை பற்றிய கிளெய்ம்கள் வேறு கண்டுபிடிப்பு என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிடச் சொல்லியிருந்தார்கள். பிரிவு விண்ணப்பமாகப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தோம். மூல விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதுதான் அதைப் போட முடியும்; கடைசிக் கட்டணம் கட்டி பேட்டன்ட் வழங்கப்பட்டுவிட்டால் நிலுவை முடிந்துவிடும். அனுமதிக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் எங்கள் கணக்குப் பிரிவு அன்றே கட்டணத்தைக் கட்டத் தயாரானது. மேடம் தற்செயலாகப் போன் செய்தபோது தெரிந்து, "ஐயோ, நிறுத்துங்கள்" என்றார். மூன்று நாளில் பிரிவு விண்ணப்பத்தை எழுதித் தாக்கல் செய்த பிறகே கட்டணம் போயிற்று.

அந்த விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முந்தைய இரவு கோப்பைத் திறந்து 'மேல்' என்று தேடினேன். நான்கு இடத்தில் இருந்தது. நான்கையும் மாற்றிவிட்டுத்தான் படுத்தேன்.