சைடு மிரர்: முழுவதையும் மாற்றுவதற்கு முன்

காரின் சைடு மிரரில் விரிசல் விழுந்தால் முழு மிரரையும் மாற்றியாக வேண்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், வண்ணம் பூசிய பின்மூடி, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் உறை, உள்ளே இருக்கும் சிறு மோட்டார், அந்த மோட்டாரைக் கிளிப்புகளால் பற்றிக்கொண்டிருக்கும் கண்ணாடித் தகடு, கதவோடு பிணைக்கும் அடிப்பகுதி எனப் பல பாகங்கள் சேர்ந்ததுதான் சைடு மிரர். இவற்றில் கண்ணாடித் தகடும் பின்மூடியும் பெரும்பாலான கார்களுக்குத் தனியாகவே கிடைக்கின்றன. ஆகவே கடைக்குச் செல்லும் முன், உடைந்தது எது என்பதை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. உறை அசையாமல் உறுதியாக நிற்கிறது, மோட்டாரும் நான்கு திசையிலும் திருப்புகிறது என்றால், தகட்டை மட்டும் மாற்றினால் போதும். அதை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

எந்தத் தகட்டை வாங்குகிறோம் என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கண்ணாடிக் கடைகளில் பழைய தகட்டின் அளவுக்குச் சாதாரண முகக்கண்ணாடியை வெட்டி, பசை தடவி ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. செலவு குறைவு என்பதால் பலர் இதை நாடுகிறார்கள்; நான் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நம் சாலைகளில் ஓடும் கார்களின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் பள்ளியில் படித்த குவி ஆடி வகையைச் சேர்ந்தவை. அவை பிம்பத்தைச் சிறிதாக்கி, அதற்கு ஈடாகப் பார்வைப் பரப்பை விரிக்கின்றன. அதே இடத்தில் சமதள ஆடியை ஒட்டினால் பின்னால் வரும் பேருந்து பெரிதாகத் தெரியும், ஆனால் இடப்புறமாக நுழைந்து வரும் இருசக்கர வாகனம் சட்டகத்துக்கு வெளியே போய்விடும்.

இந்த வளைவு மிக மென்மையானது என்பதால் கண்ணால் பார்த்து வேறுபாட்டைக் கண்டறிவது கடினம். கார்களின் வெளிப்புற முதன்மைக் கண்ணாடிக்கு வளைவு ஆரம் 1200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது ஐ.நா.வின் 46ஆம் எண் விதிமுறை. அந்த ஆரத்தில் 170 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தகட்டின் நடுப்பகுதி விளிம்பைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் எழுந்திருக்கும். ஒரு இரும்பு அளவுகோலைத் தகட்டின் குறுக்கே மெல்ல வைத்துப் பாருங்கள். நடுவில் தொட்டு இரு முனைகளிலும் இடைவெளி தெரிந்தால் அது குவி ஆடி. கார் மாதிரி, தயாரிப்பு ஆண்டு, இடமா வலமா என்ற மூன்றையும் சொல்லி, பின்புறம் கிளிப்புகளோடு கூடிய தகட்டையே கேட்டு வாங்க வேண்டும்.

கழற்றும் முன் உடைந்த கண்ணாடியின் மேல் அகலமான ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டால் சில்லுகள் சிதறாது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் கட்டாயம். பின்னர் தகட்டின் ஒரு பக்கத்தை இயன்றவரை உள்ளே சாய்த்தால் எதிர்ப்பக்க விளிம்பு வெளியே எழும்பி வரும்; அங்கே துணி சுற்றிய பிளாஸ்டிக் நெம்பியை நுழைத்து, கிளிப் ஒவ்வொன்றாக விடுபடும்படி மெதுவாகத் தூக்க வேண்டும். கிளிப்புகள் இறுகியிருந்தால் முடி உலர்த்தியால் சற்று வெப்பமூட்டினால் இளகும். சில கார்களில் தகட்டின் பின்னால் பனி நீக்கும் சூடேற்றிக்கான இரண்டு கம்பிகள் இருக்கும் என்பதால் தகட்டை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. புதியதைப் பொருத்தும்போது மோட்டாரை நடுநிலையில் நிறுத்தி, கிளிப்புகளை நேர்ப்படுத்தி, தகட்டின் மையத்தில் உள்ளங்கையால் சீராக அழுத்த வேண்டும். 'டக்' என்ற ஒலி கேட்கும். விளிம்பில் அழுத்தினால் புதுத் தகடும் விரிசல் விடும்.

உறையோ அடிப்பகுதியோ முறிந்திருந்தால் மட்டுமே முழு மிரரையும் மாற்ற வேண்டியிருக்கும். கதவின் உட்புறத்தில், மிரருக்கு நேர் பின்னால் இருக்கும் முக்கோண மூடியைக் கழற்றினால், பல கார்களில் மூன்று நட்டுகள் தெரியும். வேறு சில கார்களில் டோர் பேடையும் (கதவின் உட்புறப் பலகையையும்) கழற்ற வேண்டும். சில கார்களில் அந்த முக்கோண மூடியிலேயே சிறு ஒலிபெருக்கி இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சாவியை அணைத்துவிட்டு, கப்ளரை (மின்கம்பி இணைப்பியை) பிரித்து, நட்டுகள் கதவுக்குள் விழுந்துவிடாதபடி துவாரங்களைத் துணியால் அடைத்து, கடைசி நட்டைத் தளர்த்தும்போது மிரரை மறு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். புதியதன் அடியில் ரப்பர் அல்லது நுரைப்பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மடிந்திருந்தால் மழைநீர் கதவுக்குள் இறங்கும், வேகத்தில் காற்று இரையும். மூடிகளைத் திரும்பப் பொருத்தும் முன்பே கண்ணாடியின் அசைவு, மடிப்பு, இண்டிகேட்டர் மூன்றையும் இயக்கிப் பார்த்துவிட வேண்டும்.

மாற்றியபின் கோணத்தைச் சரிசெய்வது பலரும் கைவிடும் வேலை. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் பிளாட்சர் 1995இல் விளக்கிய முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், தலையை வலச் சன்னலை ஒட்டிச் சாய்த்து, வல மிரரில் காரின் பக்கவாட்டு விளிம்பு மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். பிறகு தலையைக் காரின் நடுப்பகுதிக்குச் சாய்த்து இட மிரரையும் அவ்வாறே வைக்க வேண்டும். நிமிர்ந்து அமரும்போது சொந்தக் கார் கண்ணாடியில் தெரியாது. அதற்குப் பதிலாக, உள் கண்ணாடியிலிருந்து மறையும் வண்டி உடனே பக்க மிரரில் தோன்றும். பின்னிருக்கைக்கு மேல்வரை சாமான் அடுக்கி உள் கண்ணாடியை மறைத்துவிட்டால் இந்த முறை பயன் தராது. முன்பெல்லாம் விலை குறைந்த கார்களில் இட மிரரே இல்லாமல் விற்றார்கள். இருக்கும் இட மிரரை நெரிசலுக்கு அஞ்சி மடக்கிவிட்டு ஓட்டுவோரை இன்றும் காண்கிறோம். இருசக்கர வாகனங்கள் இருபுறமும் நெருங்கி வரும் நம் ஊர்ச் சாலைகளில் அது மிகுந்த ஆபத்து.

பராமரிப்பு எளிது. துப்புரவுத் திரவத்தை நேரடியாகக் கண்ணாடியில் தெளிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். விளிம்பு வழியே இறங்கும் ஈரம்தான் பின்பூச்சை அரித்துக் கரும்புள்ளிகளை உண்டாக்குகிறது. கடலோர ஊர்களில் உப்பு படிவதால் நன்னீரால் அடிக்கடி கழுவுவது நலம். மடிப்பு மூட்டில் சேரும் புழுதியைத் தூரிகையால் நீக்கிச் சிறிதளவு சிலிக்கான் ஸ்பிரே அடிக்கலாம். கிரீஸ் தடவினால் இன்னும் புழுதி ஒட்டும். மோட்டாரால் மடங்கும் மிரரைக் கையால் வலிந்து மடக்கினால் உள்ளே பற்சக்கரங்கள் தேயும். யாரேனும் தட்டி மடங்கியிருந்தால் சுவிட்சால் ஒருமுறை மடக்கி விரித்தால் பெரும்பாலும் சரியான நிலைக்கு வந்துவிடும். இனப்பெருக்கக் காலத்தில் சிட்டுக்குருவிகள் தம் பிம்பத்தை எதிரியென்று நம்பிக் கொத்தி, எச்சமிட்டு, சோர்ந்துபோகும்வரை போராடும். வண்டியை நிறுத்தியதும் மிரரின் மேல் ஒரு துணிப்பையை மாட்டிவிட்டால் பறவைக்கும் நல்லது, கண்ணாடிக்கும் நல்லது.