கூந்தன்குளத்தில் ஒரு மாலை

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி பக்கம் போகிறவர்கள் ஒரு மாலையைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்காக ஒதுக்குங்கள். போன ஜனவரியில் வெயில் தாழ்ந்த நேரத்தில் குளத்துக்கரையில் நின்றேன். கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனை ஒரே பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தன, கரையோரச் சேற்றில் கரண்டிவாயன்கள் அலகை இடதும் வலதுமாக வீசித் துழாவின, அப்புறம் கருவேல மரங்களுக்கு அடியில் ஒரு கீரி ஓடி மறைந்தது.

நான் தேடிப் போனது வரித்தலை வாத்தை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. அந்த உயரத்தில் காற்றில் இருக்கும் கொஞ்சப் பிராணவாயுவையும் இறுகப் பிடித்துக்கொள்ளும் இரத்தம் அதற்கு. தலையின் பின்புறம் இரண்டு கருப்புப் பட்டைகள், தொலைநோக்கியில் தெளிவாகத் தெரிந்தன. ஒரு கூட்டமே இருந்தது!

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஊர் மக்கள்தான். வீட்டு வாசல் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன, எச்சம், நாற்றம், இரைச்சல் எல்லாம் உண்டு, யாரும் விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி வெடிப்பதுமில்லை. எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரமாகிறது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கும் முன்பே இவர்கள் காவல் இருந்தார்கள். கூடு கட்டும் காலத்தில் போனால் மரத்தடியில் சத்தம் போடாதீர்கள், தாய்ப்பறவை எழுந்து பறந்தால் குஞ்சுகள் வெயிலில் வாடும்.