தெர்மல் பிளான்ட்ல உக்காந்து எழுதின கதையும் எங்க மொட்டை மாடி கம்ப்யூட்டரும்

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த போஸ்ட் இது, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம், பகல்ல வீட்டு வேலை, அப்புறம் எங்க எழுத. இன்னைக்கு வீக்லி ஆஃப், வீட்ல எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, அதனால உக்காந்துட்டேன். லியு சிஷின் எழுதின த்ரீ பாடி ப்ராப்ளம் பத்திதான். நெட்ஃப்ளிக்ஸ்ல 2024ல சீரிஸா வந்துச்சே அதே கதைதான், ஆனா நான் சொல்லப்போறது புக்கு பத்தி. ஸ்பாய்லர் இருக்கு, படிக்கணும்னு நெனக்கறவங்க இப்பவே ஓடிருங்க.

நான் இந்த புக்கை கையில எடுத்ததுக்கு காரணமே கதை இல்ல, அதை எழுதின ஆளு. அவரு எழுத்தாளரா மட்டும் பொழப்பு நடத்தினவர் இல்ல, சீனாவுல ஷான்ஷி மாகாணத்துல நியாங்ஸிகுவான்னு ஒரு ஊரு, அங்க இருந்த கரி எரிக்கற மின் நிலையத்துல கம்ப்யூட்டர் இன்ஜினியரா வேலை பாத்தவர். டூட்டி நேரத்துலயே உக்காந்து எழுதினேன்னு அவரே பேட்டில சொல்லியிருக்கார். நானும் ஒரு தெர்மல் பிளான்ட்ல பதினாலு வருஷமா கண்ட்ரோல் ரூம்ல டெஸ்க் பாக்கறவன். நம்மள மாதிரி ஒருத்தன் ஷிஃப்ட்ல உக்காந்து உலகத்தையே அழிச்சிருக்கானேன்னு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். (நான் டூட்டில படிக்கறதில்ல. பிளான்ட் பஸ்ஸுலதான் படிப்பேன். எங்க ஷிஃப்ட் இன்சார்ஜும் இதைப் படிப்பார்ங்கறதால சொல்லி வைக்கறேன்.)

யோசிச்சுப் பாத்தா எனக்கு புடிச்ச சயின்ஸ் ஃபிக்‌ஷன் எல்லாமே இப்படி வேற வேலை பாத்துக்கிட்டே எழுதினவங்களோடதுதான். சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியர், ஓட்டு மெஷின் வேலையில எல்லாம் இருந்தவர். நான் எட்டாவது படிக்கும்போது மாமா வீட்ல விகடன்லேர்ந்து கிழிச்சு பைண்ட் பண்ணி வச்சிருந்த என் இனிய இயந்திராதான் என்னோட முதல் சயின்ஸ் ஃபிக்‌ஷன். நடுவுல ரெண்டு வாரம் மிஸ்ஸிங், அந்த ரெண்டு வாரத்துல ரோபோ நாய் ஜீனோ என்ன பண்ணியிருக்கும்னு நானே கதை கட்டிக்கிட்டேன், அப்புறம் பெரியவனாகி முழு புக்கு வாங்கிப் படிச்சப்ப என் கதைதான் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு, அது வேற விஷயம். செவ்வாய்ல உருளைக்கிழங்கு போட்ட த மார்ஷியன் எழுதின ஆண்டி வியர் அப்ப ப்ரோக்ராமர், அதை தன்னோட சொந்த வெப்சைட்லதான் அத்தியாயம் அத்தியாயமா போட்டார். இவங்க கதையில மெஷின் மெஷினா நடந்துக்கும், கழட்டுனா உள்ள போல்ட்டு நட்டு இருக்கும். மனுஷங்கதான் அட்டைல வெட்டி வச்ச மாதிரி இருப்பாங்க. எனக்கு அது பரவால்ல.

சரி கதைக்கு வரேன். ஆரம்பமே 1967, மாவோவோட கலாச்சாரப் புரட்சி, படிச்சவங்களை எல்லாம் எதிரின்னு துரத்தின சமயம். பீஜிங்ல ஒரு பிசிக்ஸ் ப்ரொஃபசரை மேடையேத்தி மாணவிங்களே பெல்ட்டால அடிச்சுக் கொல்றாங்க, அவரோட பொண்ணு யே வென்ஜியே கூட்டத்துல நின்னு பாக்குது. சார்பியல் கொள்கை சொல்லிக் குடுத்ததும் ஒரு குத்தம். இந்த அத்தியாயத்தை படிச்சுட்டு ரெண்டு நாள் புக்கை தொடவே இல்ல. இதுல ஒரு விஷயம், சீனாவுல புக்கா வந்தப்ப இந்த பகுதியை முதல்ல வைக்காம நடுவுல கொண்டுபோய் வச்சிருக்காங்க, சென்சார் பயம். 2014ல வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்புலதான் கென் லியு, லியு சிஷின்கிட்ட கேட்டு, அதை முன்னாடி கொண்டு வந்தார். அடுத்த வருஷம் அதுக்கு சயின்ஸ் ஃபிக்ஷனுக்குக் குடுக்கற ஹியூகோ விருதும் கிடைச்சுது, மொழிபெயர்ப்பு நாவல் ஒண்ணுக்கு அது கிடைச்சது அதான் முதல் தடவை. முன்னாடி வச்சதுதான் சரின்னு நான் சொல்லுவேன், ஏன்னா அந்தப் பொண்ணு பின்னாடி பண்ற காரியத்துக்கு வேற நியாயமே கிடையாது. மலை மேல ஒரு ராணுவ ரேடியோ தளத்துல இருந்துக்கிட்டு விண்வெளிக்கு செய்தி அனுப்புது, எட்டு வருஷம் கழிச்சு பதில் வருது, அதுவும் எப்படி, அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருந்த ஒருத்தன் "பதில் அனுப்பாத, அனுப்பினா உங்க இடம் தெரிஞ்சிரும்"னு கெஞ்சறான். அது கண்ட்ரோல் ரூம்ல தனியா உக்காந்து படிக்குது, யோசிக்குது, பட்டனை அமுக்கிடுது. நைட் ரெண்டரை மணிக்கு ஒத்த ஆளா பேனல் முன்னாடி உக்காந்தவனுக்குத்தான் தெரியும் அந்த சீனோட வெயிட்டு.

அந்த வேத்துக்கிரகத்துக்கு மூணு சூரியன். எது எப்ப வரும்னு சொல்லவே முடியாது, ஒரு நாள் நல்லா இருக்கும், ஒரு நாள் கடலே கொதிக்கும். நிலையான காலம், தறிகெட்ட காலம்னு ரெண்டுதான். எங்க பிளான்ட்டும் இதேதான் ஐயா, எட்டு மணி நேரம் லோட் ஒரு மெகாவாட் கூட அசையாது, மணிக்கு ஒரு தடவை லாக் ஷீட்ல அதே நம்பரை எழுதிட்டு இருப்போம், திடீர்னு மெஷின் ட்ரிப் ஆகி நின்னா முப்பது செகண்ட்ல நாப்பது அலாரம் அடிக்கும். தறிகெட்ட காலம் வந்தா அந்த ஜனங்க ஒடம்புல தண்ணியை எல்லாம் வெளியேத்திட்டு சுருண்டு காஞ்சு போயிடுவாங்க, அப்படியே சுருட்டி குடோன்ல அடுக்கி வச்சுட்டு நல்ல காலம் வந்ததும் தண்ணில போட்டு எழுப்பறது. நம்ம கருவாடுதான். என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், "கருவாடு எந்திரிச்சு நடக்குமாக்கும்"னு ஒரே சிரிப்பு.

இதுல எல்லாத்துக்கும் மேல எனக்கு புடிச்சது அந்த மனுஷ கம்ப்யூட்டர். கதைக்குள்ள அந்த கிரகத்தைப் பத்தி ஒரு கம்ப்யூட்டர் கேம் வருது, அதுல சூரியன் எப்ப வரும்னு கணக்குப் போட சீனச் சக்கரவர்த்தி மூணு கோடி சிப்பாயை மைதானத்துல நிக்க வைக்கறார், ஆளுக்கு ஒரு கறுப்பு கொடி, ஒரு வெள்ளைக் கொடி. வெள்ளைன்னா சைபர், கறுப்புன்னா ஒண்ணு. மூணு பேர் சேந்தா ஒரு கேட், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற குட்டி ஸ்விட்ச் மாதிரி, ரெண்டு பேர் இன்புட், ஒருத்தன் அவுட்புட். எவனுக்கும் கணக்கு தெரிய வேண்டாம், முன்னாடி இருக்கற ரெண்டு பேர் கொடியைப் பாத்து தன் கொடியை தூக்கினா போதும். தப்பா தூக்கினா தலை போயிடும்.

பொங்கலுக்கு அக்கா பசங்க ரெண்டு பேரும் வந்தப்ப மொட்டை மாடில இதை செஞ்சு பாத்தோம். பழைய குடைத்துணியை கிழிச்சு கறுப்பு கொடி, என் வேட்டிய கிழிச்சு வெள்ளைக் கொடி. நாங்க புக்குக்கு நேர்மாறா கறுப்பு சைபர், வெள்ளை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டோம். பசங்க ரெண்டு பேரும் இன்புட். என் பொண்ணு அவுட்புட், "ரெண்டு பேரும் வேற வேற கலர் தூக்கினா மட்டும் நீ வெள்ளை, ஒரே கலர்னா கறுப்பு"ன்னு சொன்னேன். எங்க அம்மா வத்தல் காய வைக்க வந்தாங்க, அவங்களையும் சேர் போட்டு உக்கார வச்சு "ரெண்டும் வெள்ளையா இருந்தா மட்டும் நீ வெள்ளை தூக்கும்மா"ன்னுட்டேன். அவ்வளவுதான், கூட்டல் கணக்கு போடற மெஷின் ரெடி. ஒண்ணும் சைபரும் போட்டா பொண்ணு வெள்ளை, ஆச்சி கறுப்பு. ஒண்ணும் ஒண்ணும் போட்டா பொண்ணு கறுப்பு, ஆச்சி வெள்ளை, அதாவது பைனரில (ஒண்ணு, சைபர் மட்டும் வச்சு எழுதற கணக்கு) ஒண்ணு சைபர், நம்ம ரெண்டு. சின்னவன் வாயைப் பொளந்துட்டான், "நாலு பேர்ல யாருமே கூட்டல மாமா, அப்புறம் யாரு கூட்டுனா?"ன்னு கேட்டான். என்னால ஒழுங்கா பதில் சொல்ல முடியல.

ஆனா சண்டையும் வந்துச்சு. பெரியவன் கொடி தூக்கறதுக்குள்ள பொண்ணு அவசரப்பட்டு தூக்கிடும், அம்மா தெருவுல போற மீன்காரரை பாத்துட்டு லேட்டா தூக்குவாங்க, விடை தப்பு தப்பா வந்துச்சு. கடைசில நான் கை தட்டறேன், முதல் தட்டுக்கு இன்புட், ரெண்டாவது தட்டுக்கு அவுட்புட்னு வச்சதும் சரியாயிடுச்சு. காலேஜ்ல க்ளாக் பல்ஸ் எதுக்குன்னு நாலு வருஷம் மனப்பாடம் பண்ணிருக்கேன், அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

குறையும் சொல்லணும்ல. அந்த வேத்துக்கிரகம் இருக்கறதா கதைல வர்ற இடம் நமக்குப் பக்கத்து நட்சத்திரக் கூட்டமான ஆல்ஃபா சென்டாரி, நிஜத்துல அங்க மூணு சூரியனும் இப்படி தறிகெட்டு ஆடாது. ரெண்டு பெரிய நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு எண்பது வருஷத்துக்கு ஒரு சுத்து, மூணாவது குட்டி எங்கயோ தூரத்துல, அது ஒரு சுத்து சுத்த லட்சக்கணக்கான வருஷம் ஆகும். ரொம்ப ஒழுங்கான குடும்பம். ஆண்டி வியரும் இப்படித்தான், செவ்வாய்ல காத்தழுத்தம் பூமில இருக்கறதுல நூத்துல ஒரு பங்கு கூட வராது, அந்த காத்து அவர் கதைல வர்ற மாதிரி ராக்கெட்டை எல்லாம் சாய்க்காது, தெரிஞ்சேதான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டார். எனக்கு இது பெரிய குத்தமா படல. ஒரு பொய் சொல்லி கதையை ஸ்டார்ட் பண்ணிக்கட்டும், ஸ்டார்ட் ஆனதுக்கப்புறம் ஒழுங்கா ஓடணும், அவ்வளவுதான் கேக்கறேன்.

ஓடாத இடமும் இருக்கு. ஒத்த புரோட்டானை விரிச்சு அதுக்குள்ள கம்ப்யூட்டர் செதுக்கறாங்கன்னு கடைசில ஒரு நீள அத்தியாயம், ரெண்டு தடவை படிச்சும் ஏறல, தாண்டிட்டேன். அதை விட மோசம் ரெண்டாவது பாகம். ஹீரோ லுவோ ஜி, பூமியைப் புடிக்கக் கிளம்பி வர்ற அந்த வேத்துக்கிரக ஆளுங்ககிட்டேர்ந்து உலகத்தைக் காப்பாத்த ஐ.நா. அவனுக்கு என்ன கேட்டாலும் குடுக்குது, அவன் கேக்கறது என்ன, தன் கற்பனைல இருக்கற பொண்ணை தேடிக் கண்டுபுடிச்சு கொண்டு வாங்கன்னு. கொண்டும் வந்துடறாங்க, அதுவும் சிரிச்சுக்கிட்டே குடும்பம் நடத்துது. "பொண்ணா இல்ல கேஸ் புக்கிங்கா"ன்னு கேட்டா என் வீட்டுக்காரி, நான் எழுத்தாளருக்காக ஒரு வார்த்தை பேசல. அந்த பாகத்துல காடு பத்தி வர்ற ஐடியா, பிரபஞ்சமே இருட்டுக் காடு, ஒவ்வொருத்தனும் துப்பாக்கியோட மூச்சு விடாம நிக்கற வேட்டைக்காரன்னு வருதே, அதுக்காக மட்டும் மன்னிச்சேன். படிச்சுட்டு பஸ்ஸுல இறங்கி நடந்து வரும்போது வானத்தை அண்ணாந்து பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு.

மூணாவது பாகம் வாங்கி வச்சிருக்கேன், அதான் இருக்கறதுலயே குண்டு. நாப்பது பக்கம் ஆகியிருக்கு, முடிச்சா எழுதறேன்.

நேத்து சின்னவன் ஃபோன் பண்ணினான், பரீட்சை லீவுக்கு வரானாம், "கழித்தலுக்கு எத்தனை பேர் வேணும் மாமா?"ன்னு கேட்டான். அதே நாலு பேர் போதும்டா, ஆச்சியோட ரூலை மட்டும் மாத்தணும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "அதை நீங்களே ஆச்சிகிட்ட சொல்லிக்கோங்க"ன்னு வச்சுட்டான்.