பொண்ணுக்கு டிப்ரஷன் மாத்திரை ஆரம்பிச்ச அந்த முதல் ஆறு வாரம்

பொண்ணுக்கு அப்போ 15 வயசு. நாலஞ்சு மாசமா எதுலயும் ஒட்டல, ஸ்கூல் விட்டு வந்தா ரூமை சாத்திக்கிட்டு படுத்துக்குவா, நல்லா வரைவா அதையும் விட்டுட்டா, என்னம்மான்னு கேட்டா எரிஞ்சு விழுவா. நாங்களும் வயசுக்கோளாறு, எல்லாம் செல்போனாலதான்னு பேசியே நாளை ஓட்டிட்டோம். அப்புறம் மூணு மாசம் கவுன்சிலிங், கொஞ்சம் தேவலைன்னு நினைக்கறப்பவே மறுபடி படுத்துட்டா. கவுன்சிலரேதான் சைக்யாட்ரிஸ்ட்ட ஒரு தடவை காட்டிருங்கன்னாங்க.

டாக்டர் முதல்ல என்னை வெளிய அனுப்பிட்டு அவகிட்ட தனியா பேசினாரு, முக்கால் மணி நேரம். அப்புறம் என்னை கூப்ட்டு குடும்பத்துல யாருக்காவது பைபோலார், அதாவது மூட் ஒரேயடியா ஏறி இறங்குற வியாதி, இருந்திருக்கான்னு திருப்பித் திருப்பி கேட்டாரு, இருந்தா இந்த மாத்திரையால மூட் ஒரேயடியா எதிர்ப்பக்கம் எகிறிடலாமாம். தைராய்டு, ஹீமோகுளோபின் டெஸ்ட்டும் பாத்துட்டுதான் ஃப்ளுவாக்ஸெட்டின் 10 எம்ஜி எழுதினாரு.

அன்னிக்கு ராத்திரி நெட்ல தேடினது என் தப்பு. 2004லயே எஃப்டிஏ, அதான் அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு, சின்னப் பசங்களுக்கு இந்த வகை மாத்திரையால தற்கொலை எண்ணம் அதிகமாகலாம்னு கட்டம் போட்டு எச்சரிக்கை குடுத்திருக்கு. காலைல முதல் வேலையா டாக்டருக்கு போன். அவரு பொறுமையா சொன்னாரு: அந்த ஆய்வுகள்ல மாத்திரை சாப்ட்ட நூத்துல 4 பேருக்கு அந்த மாதிரி எண்ணமோ நடத்தையோ வந்துச்சு, வெறும் டம்மி மாத்திரை சாப்ட்டவங்கள்ல 2 பேரு, உயிர் யாருக்கும் போகல. "கம்மிதான், ஆனா இல்லைன்னு சொல்லமாட்டேன், அதனாலதான் முதல் மாசம் வாராவாரம் வரச் சொல்றேன்." கவுன்சிலிங்கை நிறுத்தாதீங்கன்னும் சொன்னாரு. 439 பசங்கள வச்சு பண்ண ஒரு ஆய்வுல 12 வாரத்துல மாத்திரையும் தெரபியும் சேர்த்து எடுத்தவங்கள்ல 71 சதவீதம் பேர் நல்லா தேறினாங்களாம், மாத்திரை மட்டும்னா 61, டம்மிக்கே 35.

மாத்திரையை நான் பீரோல பூட்டி வச்சேன். "என்னை நம்பலையாம்மா?"ன்னா. ஏதோ உளறினேன், இப்ப நினைச்சாலும் சங்கடமா இருக்கு.

முதல் வாரம் குமட்டல், தலைவலி, அது தானா போயிடுச்சு. ரெண்டாவது வாரம்தான் பயந்தேன், உக்காந்த இடத்துல காலை ஆட்டிட்டே இருக்கா, நடுராத்திரி ஹால்ல நடக்கறா. மனசு தேறுறதுக்கு முன்னாடி உடம்புக்கு தெம்பு வந்துடலாம், அப்பதான் உஷாரா இருக்கணும்னு டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தாரு. தற்கொலை பத்தி அவகிட்ட கேட்டா இல்லாத நினைப்பை நாமளே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு இத்தனை நாளா கேட்டதில்ல, அப்படியெல்லாம் ஆகாது, நேராவே கேளுங்கன்னாரு. கேட்டேன், சாகணும்னு தோணுதாடான்னு. "அப்பப்ப தோணும்மா, ஆனா எதுவும் பண்ணமாட்டேன்." சொல்லிட்டு என் தோள்ல சாஞ்சு அழுதா. உடனே டாக்டருக்கு சொன்னேன், மறுநாளே வரச் சொன்னாரு. டோஸ் ஏத்தல, மாத்திரையை ராத்திரில இருந்து காலைக்கு மாத்தினாரு, தோணினா யார்கிட்ட எப்படி சொல்லணும்னு அவளையே எழுத வச்சாரு. அந்த பேப்பர் இன்னும் அவ பர்ஸ்ல இருக்கு.

மூணு, நாலாவது வாரம் ஒண்ணுமே மாறல. அஞ்சாவது வாரம் ஒரு சாயங்காலம் என் சார்ஜரை எடுத்தியாடான்னு தம்பிகூட வீடே ரெண்டாகற மாதிரி சண்டை, நான் கிச்சன்ல நின்னு அழுதுட்டேன், சந்தோஷத்துல. அவ சண்டை போட்டு எத்தனை மாசம் ஆச்சு! ஆறாவது வாரம் 20 எம்ஜி ஆக்கினாங்க.

நடுவுல நல்லாதானே இருக்கேன்னு நாலு நாள் சொல்லாம நிறுத்திட்டா. டாக்டர் திட்டல, இது உடம்புல ரொம்ப நாள் தங்குற மாத்திரை அதனால உனக்கு ஒண்ணும் தெரியல, ஆனா நல்லானப்புறமும் ஆறு மாசமாவது எடுக்கணும், நிறுத்தறப்ப நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாதான்னாரு.

இப்ப எட்டாவது மாசம். போன மாசத்துல இருந்து மாத்திரை அவ கையில, ஞாயித்துக்கிழமை ஏழு எண்ணி குடுப்பேன். "ஏழு சரியா இருக்கு மேடம், கையெழுத்து போடணுமா?"ன்னு கேட்டுட்டு போறா.