"சுருக்கமாகச் சொல்லுங்கள்"

குற்றவியல் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நிற்கும் எனக்கு, தவறான மொழிபெயர்ப்பைவிடச் சுருக்கமான மொழிபெயர்ப்பின் மீதுதான் அச்சம் அதிகம். தவறு நேர்ந்தால் இரண்டு மொழியும் தெரிந்த யாராவது ஆட்சேபம் எழுப்பக்கூடும். சுருக்கினால் யாரும் வாய் திறப்பதில்லை. நேரம் மிச்சம் என்று எல்லோருக்கும் திருப்தி.

சாட்சி தயங்கித் தயங்கிப் பேசுவார். எட்டு மணி இருக்கும், இல்லை எட்டரை, விளக்கு எரியவில்லை, அவர்தான் என்று நினைக்கிறேன் என்று இழுப்பார். "பார்த்தாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்பார் வழக்கறிஞர். நான் "பார்த்தாராம்" என்று முடித்துவிட்டால் பதிவில் ஏறுவது அவ்வளவுதான். எட்டும் எட்டரையும், எரியாத விளக்கும் காற்றோடு போய்விடும். குறுக்கு விசாரணை செய்பவருக்கு வேண்டியதே அவைதாம். அதனால்தான் சொன்னதை முழுவதுமாக, சொன்னவரின் இடத்திலிருந்தே சொல்ல வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. "நான்தான் அவனைத் தள்ளினேன்" என்று நான் சொல்லும்போது, புதிதாக வந்த எழுத்தர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் கேள்வி கேட்கும்போது மட்டும் மொழிபெயர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1967இல் நெக்ரோன் என்பவர் மீது கொலை வழக்கு நடந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவருடைய வழக்கறிஞருக்கு ஸ்பானிஷ் தெரியாது. அரசுத் தரப்பின் மொழிபெயர்ப்பாளர் இடைவேளைகளில் சாட்சியங்களின் சாரத்தை மட்டும் அவரிடம் சொன்னார். அப்படி நடந்த விசாரணை நியாயமானதல்ல என்று 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கான மொழிபெயர்ப்பாளர் சட்டம் வந்தது 1978இல்.

காவல் நிலையத்து நிலைமை இதைவிட மோசம். அந்த மொழி ஓரளவு தெரிந்த யாரோ ஒருவர், சில சமயம் உடன் வேலை பார்ப்பவரே, கேட்டுச் சொல்கிறார். வாக்குமூலத்தின் அடியில் "படித்துக் காட்டப்பட்டது, சரி" என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்தோ கைநாட்டோ. படித்துக் காட்டியது யார், எந்த மொழியில் என்று தாளில் தேடினால் கிடைக்காது. குற்றச்சாட்டைப் புரியும் மொழியில் விவரமாகச் சொல்ல வேண்டும், நீதிமன்றத்தில் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை சொல்லத்தான் செய்கிறது.

நாஜித் தலைவர்கள் மீது 1945இல் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணை நான்கு மொழிகளில் நடந்தது. பேச்சு வேகமானால் மொழிபெயர்ப்புக் குழு மஞ்சள் விளக்கை எரியவிடும்; பேசுபவர் நிதானிக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். எனக்கு அந்த விளக்குகூட வேண்டாம். சாட்சி தம் மொழியில் பேசியதை அப்படியே ஒலிப்பதிவு செய்து வைத்தால் போதும். நான் சொன்னது சரியா என்று பிறகாவது ஒருவர் சரிபார்க்கலாம். இப்போது எஞ்சுவது என் சொல் மட்டுமே. கேட்டுப் பார்த்தேன், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன், சுருக்காமல், நான்கு பக்கம்.