சர்குலேஷன் மேனேஜருக்கு இதழியல் துறையில் என்ன வேலை?

போன மாதம்தான் ஆணை கைக்கு வந்தது. 26 வருடம் நாளிதழ் சர்குலேஷனில், அதாவது பேப்பரை ஊர் ஊராக அனுப்பி விற்கும் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையில் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்'; தொழில் அனுபவத்தை வைத்துத் தரும் பேராசிரியர் பதவி. வேலை கிடைத்த சந்தோஷத்தைவிட அலைந்த அலைச்சல்தான் இன்னும் மனதில் நிற்கிறது. பத்திரிகையிலிருந்து பாடம் நடத்த வர நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் நாளே அடி. விண்ணப்பத்தைப் புரட்டிய அலுவலர் "நெட் பாஸ் பண்ணியிருக்கீங்களா சார்? பிஎச்.டி. இருக்கா?" என்றார். நெட் என்பது கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு. இரண்டும் இல்லை என்றதும் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது வீண். உதவிப் பேராசிரியருக்குத்தான் அந்தத் தகுதியெல்லாம். இந்தப் பதவிக்கு முறையான கல்வித் தகுதி கட்டாயமில்லை, ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அது கேட்பது தொழிலில் குறைந்தது 15 வருட அனுபவம், மூத்த பொறுப்பில் இருந்திருந்தால் நல்லது. அதை பிரிண்ட் எடுத்து, அந்த வரிகளுக்கு மஞ்சள் மார்க்கர் போட்டு, அடுத்த முறை நேராகப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

சரி, முடிந்தது என்று நினைத்தால் அப்புறம் வந்தது பெரிய சிக்கல். என் ரிலீவிங் லெட்டரில் கடைசிப் பதவி மட்டும்தான் இருந்தது: 'மேலாளர், விற்பனை'. அதைப் பார்த்த இன்னொருவர், "பேப்பர் வித்தவருக்கு ஜர்னலிசம் டிபார்ட்மென்ட்ல என்ன சார் வேலை?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் வலித்தது. ராத்திரி இரண்டரை மணிக்குப் பார்சல் கட்டும் இடத்தில், மை கையில் ஒட்ட ஒட்டக் கட்டுகளை எண்ணி, ஊர் பெயர் லேபிள் சரியா என்று பார்த்து வண்டி ஏற்றியவன் நான். அச்சு பதினைந்து நிமிடம் தள்ளிப்போனால் எந்த ஊரில் விடிந்த பிறகு பேப்பர் விழும், எந்த ஊரில் விற்காமல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஏறும் என்று செய்தி ஆசிரியரிடம் சண்டை போட்டிருக்கிறேன். 2020 மார்ச்சில், பேப்பரைத் தொட்டால் கொரோனா வரும் என்ற வதந்தியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கேட்டிலேயே பேப்பரை நிறுத்தின. அப்போது ஏஜென்ட் ஏஜென்டாகப் போன் போட்டு, பேப்பர் போடும் பையன்கள் வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டோம். செய்தி வாசகர் கைக்குப் போய்ச் சேர்வது இதழியல் இல்லையென்றால் வேறென்ன?

இதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பத்தோடு 'என்னால் என்ன பங்களிக்க முடியும்' என்று ஒரு குறிப்பு கேட்பார்கள், அதை ஒப்புக்கு எழுதாதீர்கள். வழிகாட்டுதலில் சொல்லியிருக்கும் துறைகளில் ஊடகமும் மேலாண்மையும் இரண்டுமே உண்டு, அதையும் அதில் சுட்டிக்காட்டுங்கள்.

அடுத்து, வருடவாரியாகப் பதவி போட்ட பணிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பழைய நிறுவனத்தில் என் காலத்து எச்.ஆர். ஆள் யாருமே இல்லை, மூன்று முறை போனேன், "ஃபைல் குடோன்ல இருக்கு" என்ற பதில்தான். பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியாவது எடுக்கலாம் என்று பார்த்தால், ஓடிபி போவது நான் திருப்பிக் கொடுத்துவிட்ட ஆபீஸ் சிம்முக்கு! ஆதார் மையத்துக்குப் போய் நம்பரை மாற்றிய பிறகுதான் வழி பிறந்தது. கடைசியில் கைகொடுத்தது வீட்டு அலமாரியில் அம்மா எடுத்து வைத்திருந்த பழைய நியமன ஆணையும், நான்கு பதவி உயர்வுக் கடிதங்களும். ஒவ்வொன்றிலும் தேதி, பதவி, சீல். அவற்றின் நகலோடு போனபோதுதான் சான்றிதழ் போட்டுக் கொடுத்தார்கள். வேலையை விடும் முன்பே, நோட்டீஸ் பீரியடிலேயே, இதை லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள். ஆபீஸ் சிம்மைக் கொடுக்கும் முன் பி.எஃப்., ஆதார், பேங்க் மூன்றிலும் நம்பரை மாற்றிவிடுங்கள்.

தேர்வுக் குழு அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஆணை வந்ததும் காலத்தையும் சம்பளத்தையும் எழுத்தில் பாருங்கள். முதலில் ஒரு வருடம்தான் தருவார்கள். நீட்டித்தாலும் மூன்று வருடம், மிஞ்சிப்போனால் நான்கு. வழக்கமான சம்பளமாக இல்லாமல், மதிப்பூதியம் தரும் கௌரவ அடிப்படையிலும் நியமிக்கலாம் என்பதால், தொகை என்ன என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் கேட்டேன், போன் பேச்சில் சொன்னதற்கும் ஆணையில் இருந்ததற்கும் வித்தியாசம் இருந்தது, திருத்தி வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.